சீனாவில் ஒரு நாள்

சீனாவில் ஒரே ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்றால் எங்கே போவீர்கள்? பெய்ஜிங், ஷாங்காய் என்பீர்கள். நான் சுவான்சௌ போவேன். (இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்து 'குவான்சௌ' என்றும் எழுதுகிறார்கள்.) இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை, அது வேறு விஷயம்! படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

தென்கிழக்குச் சீனாவில், பூஜியான் மாகாணத்தில் உள்ள துறைமுக நகரம் இது. மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று புகழ்ந்த ஊர். 700 வருஷத்துக்கு முன்னால் அரபிகள், பாரசீகர்களோடு நம் தமிழ் வணிகர்களும் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காலையில் முதலில் கைய்யுவான் கோயில். 686-இல் தோன்றிய புத்தர் கோயில். 13-ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள் இரண்டு, நாற்பது மீட்டருக்கு மேல் நிற்கின்றன. எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். நாம் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போக வேண்டும். அங்கே பதினாறு பட்டை போட்ட இரண்டு கல்தூண்கள். ஒரு சிற்பத்தில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். இன்னொன்றில் கண்ணன் கோபியர் சேலைகளோடு மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான்! புத்தர் கோயிலில் இவர்களுக்கு என்ன வேலை?

அந்த ஊரில் இந்துக் கோயில் இருந்தது என்பதுதான் பதில். 1956-இல் அங்கே ஒரு கல்வெட்டு கிடைத்தது. தமிழில் எழுதி, கடைசியில் சீன எழுத்தும் உள்ளது. சக ஆண்டு 1203 சித்திரை மாதம், அதாவது 1281-இல், சம்பந்தப்பெருமாள் என்பவர் செகசை கானின் ஆணைப்படி, அந்தக் கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. அப்போது சீனாவை ஆண்டவர் குப்லாய் கான். பிழைக்கப் போன இடத்தில் ராஜாவிடம் அனுமதியும் வாங்கி, அவர் பேரிலேயே நம்ம சாமிக்குக் கோயிலும் கண்டிருக்கிறார். கெட்டிக்கார மனுஷன்! கோயில் இன்று இல்லை. சிதறிய கற்களைத்தான் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பார்க்கிறோம்.

1009-இல் கட்டிய கல் மசூதியையும் வழியில் பார்த்துவிட்டு, மதியம் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகம். 1974-இல் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த 13-ஆம் நூற்றாண்டு மரக்கப்பல் ஒன்றைப் பற்றி மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்கணும். மிஞ்சியிருக்கிற அடிப்பாகமே 24 மீட்டர். உள்ளே 12 குறுக்குத் தடுப்புகள், 13 அறைகள். ஒரு அறையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அதோடு நிற்கும், மற்ற அறைகள் கப்பலைத் தாங்கும். இன்றைய இரும்புக் கப்பலிலும் இதே வித்தைதான். மிளகு, பாக்கு, வாசனைக் கட்டைகள் கிடைத்தன. கூடவே, சரக்குக்காரர் பெயர் எழுதிய மரச்சீட்டுகள். சுமந்தவன் பெயர் எந்தச் சீட்டிலும் இருக்காது. எங்க அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர், அதனால் எனக்கு அது உடனே தோன்றியது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே லுவோயாங் பாலம். 1053-இல் ஆரம்பித்து 1059-இல் முடித்த கல் பாலம். கழிமுகத்தில் அலையும் வெள்ளமும் மோதும். தூணை எதன்மேல் நிறுத்துவது? ஆற்றின் அடியில் நெடுக கல்லைக் கொட்டி மேடாக்கினார்கள். அதன்மேல் படகு வடிவில் தூண்கள், தண்ணீரைக் கிழிப்பதற்கு. சிமெண்ட் இல்லாத காலம். கல்லோடு கல் ஒட்ட, சிப்பிகளை வளர்த்துவிட்டார்கள்! காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகளில் காலை அறுக்கும் சிப்பி ஒட்டிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர்த்துப் பாருங்கள், உளி வேண்டும். அந்தப் பிடிப்பைத்தான் அவர்கள் 950 வருஷத்துக்கு முன்பே அஸ்திவாரத்துக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள். பலமுறை பழுதுபார்த்த பாலம்தான், ஆனாலும் இன்றும் நடந்து போகலாம்.