விதைக்குள்ள இருக்கிற கட்டுச்சோறு

கள்ளக்குறிச்சிப் பக்கம் வயல்ல நெல், கரும்பு, மக்காச்சோளம் பார்க்கலாம். கல்வராயன் மலை ஏறினா சாமை, தினை, கேழ்வரகு. இது அத்தனையும் ஒரே குடும்பம்தான்: புல் குடும்பம். நாம தினமும் சாப்பிடுற சோறே புல்லோட விதைதான்.

இப்போ ஒரு கேள்வி. சாமை விதை நல்லா முளைக்கணும்னா உரத்தை எப்போ போடணும்? விதைக்கிற அன்னைக்குன்னு சொல்லத் தோணும். ஆனா விடையில பாதி போன வருஷத்துப் பயிர்ல இருக்கு.

விதை முளைக்க ஈரம், காற்று, அளவான சூடு வேணும். மண்ணுல இருக்கிற உரத்தை உறிஞ்ச அதுக்கு இன்னும் வேர் வரல. அப்போ சாப்பாடு? தாய்ச்செடி மாவுச்சத்து, புரதம், பாஸ்பரஸ் எல்லாத்தையும் கட்டுச்சோறு மாதிரி விதைக்குள்ளயே வெச்சு அனுப்பியிருக்கும். வேர் பிடிச்சு, பச்சை இலை விடுற வரைக்கும் முளைக்கு அதுதான் ஆகாரம். நாம போடுற அடியுரம் அதுக்கு அப்புறம்தான் உதவும்.

அதனால தாய்ச்செடி நின்ன மண்ணு முக்கியம். நைட்ரஜனைத் தமிழ்ல தழைச்சத்துன்னும் பாஸ்பரஸை மணிச்சத்துன்னும் சொல்றோம். பேரே வேலையைச் சொல்லிடுது. சத்து குறைஞ்சா மணி சரியா திரளாது, பதர் கூடும்.

அதுக்காக யூரியாவை அள்ளிக் கொட்டவும் கூடாது. யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். அளவு மீறினா பயிர் தளதளன்னு வளர்ந்து, தண்டு தாங்காம சாயும். கதிர் ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடின்னு முத்தும். அறுக்கும்போது முத்தாத மணியும் கலந்துடும். விதையை ஒட்டி யூரியா விழுந்தாலும் ஆபத்துதான். மண்ணுல அது அம்மோனியாவா மாறும்போது முளை கருகிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாமைக்குப் பரிந்துரைக்கிறது ஹெக்டேருக்கு 44 கிலோ தழைச்சத்து, 22 கிலோ மணிச்சத்து. அவ்வளவுதான்.

மலையில இது ஏன் பெரிய விஷயம்? அங்கே சாமை பெரும்பாலும் மானாவாரி. அறுத்ததுல ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கிறது பழைய வழக்கம். சரிவுல பேய்மழை அடிச்சா மேல்மண்ணும் அதுல இருக்கிற சத்தும் சேர்ந்தே போயிடும். அப்படி ஒரு வருஷம் மண்ணு இளைச்சா விளைச்சல் மட்டும் குறையாது, அடுத்த வருஷ விதையும் இளைக்கும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுறதும், தொழு உரம் போடுறதும் விதையைக் காப்பாத்துற வேலையும்தான்.

உங்க வீட்ல விவசாயம் இருந்தா, விதைப்புக்கு முன்னாடி 100 விதையை எண்ணி ஈரத்துணியில சுருட்டி வையுங்க. துணி காயக் கூடாது. ஒரு வாரம் கழிச்சு முளைச்சதை எண்ணுங்க. சான்று பெற்ற சாமை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். அதுக்குக் கீழே வந்தா, மழைக்கு முன்னாடியே வேற விதை தேட நேரம் இருக்கும். விதைச்ச பிறகு தெரிஞ்சா, போன ஈரம் திரும்ப வராது.