வேலையில் அடிபட்டால்... தைலத்துக்கு முன் ஒரு சீட்டு!

லேத் பட்டறையிலோ விசைத்தறியிலோ ஒருவருக்குக் கை நசுங்கிவிட்டால் என்ன நடக்கிறது? கூட வேலை செய்பவர் வண்டியில் ஏற்றி, நேராகக் கட்டுக் கட்டும் வைத்தியரிடம் கொண்டுபோவார். முதலாளி ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, “பார்த்துக்கப்பா” என்பார். மூன்று மாதம் கழித்து, விரல் மடங்கவில்லை என்று எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் தைலத்துக்கு வருவார்கள். “முதல்ல எங்கே காட்டினீங்க? சீட்டு இருக்கா?” என்று கேட்டால் விழிப்பார்கள்.

தைலத்தைப் பிறகுகூடத் தரலாம். அந்தச் சீட்டைப் பிறகு உண்டாக்க முடியாது!

முதலில் என்ன செய்வது?

உடனே அரசு மருத்துவமனைக்கோ, இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ செல்லுங்கள். “கீழே விழுந்துட்டேன்” என்று மழுப்பாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், எக்ஸ்-ரே, மருந்துச் சீட்டு, பில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால்...

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உதவி உண்டு. மருத்துவச் செலவோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினக்கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால் மாதாமாதம் தொகை வரும்.

இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால்...

இழப்பீடு தரவேண்டியவர் முதலாளிதான். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது. சிகிச்சைக்கு ஆன செலவையும் கேட்கலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். வயது 30; கணக்கில் எடுக்கும் மாத ஊதியம் 15,000 ரூபாய். கட்டை விரல் போய்விட்டது. ஊதியத்தில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குரிய பெருக்கு எண் 207.98. கட்டை விரலுக்கு 30 சதவீத இழப்பு. மூன்றையும் பெருக்கினால் சுமார் 5,61,500 ரூபாய்! ஐயாயிரம் எங்கே, இது எங்கே?

“உன் கவனக்குறைவுதானே” என்று சொல்லி முதலாளி தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் குடிபோதையில் இருந்ததாலோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியதாலோ அடிபட்டிருந்தால் உரிமை போய்விடலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் அந்தத் தடை கிடையாது.

கேட்பதற்குக் கெடு இரண்டு வருடம். “புண் ஆறட்டும்” என்று தள்ளிப்போடாமல், உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்!

புண் ஆறி, எலும்பு கூடியபின், கட்டுப் போட்ட டாக்டரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். தைலம் எங்கேயும் ஓடிவிடாது.