முந்திக்கொள்ளும் சாளரம்

அழைக்காத விருந்தாளி நடுவீட்டில் வந்து அமர்ந்தால் வீட்டாருக்குச் சங்கடம். அழைத்தவர் வாசலிலேயே நின்றுவிட்டால் அதுவும் சங்கடமே. கணிப்பொறித் திரையில் தோன்றும் சாளரங்களுக்கும் இது பொருந்தும்.

அவிநாசிபாளையத்தில் என் அம்மா செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பழைய விண்டோஸ் 7 கணிப்பொறி ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆயினும் கூலிக் கணக்கு இன்றும் அதில்தான் ஓடுகிறது. கட்டுகளுக்குச் சீட்டு அச்சிட அதில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அம்மாவுக்குப் பெருமை.

சீட்டு தயாரானதும் என் சாளரம் முன்னே வர வேண்டும். 'செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ' என்ற கட்டளையை இட்டேன். வரவில்லை, கீழ்ப்பட்டையில் பொத்தான் மட்டும் மினுக்கியது.

காரணம் இதுதான். விண்டோஸ் 95இல் எந்த நிரலும் விரும்பியபோது முன்னே பாயலாம். விண்டோஸ் 98, 2000 முதல் அதற்குப் பூட்டு போட்டார்கள். பயனர் கடைசியாக விசையைத் தொட்டதிலிருந்து குறிப்பிட்ட நேரம் வரை பின்னால் உள்ள நிரல் முந்த முடியாது. வழக்கமான அளவு 2,00,000 மில்லிநொடி, அதாவது 200 நொடி.

நான் குறுக்கு வழி தேடினேன். 'அட்டாச்த்ரெட்இன்புட்' என்ற கட்டளை, முன்னால் இருக்கும் நிரலின் உள்ளீட்டு வரிசையோடு நம்முடையதை இணைத்துவிடும், பூட்டும் ஏமாறும். சாளரம் முன்னே வந்தது. வெற்றி என்றே நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் கூலியில் ஒரு கட்டு குறைந்தது. கணக்கர் எண்ணைத் தட்டும் வேளையில் என் சாளரம் குறுக்கே பாய, அந்த எண் அதில் விழுந்திருந்தது. பிறகு சரிசெய்தார்கள். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

நேர்வழிகள் இரண்டு உண்டு. இரு நிரல்களும் நம்முடையவை எனில், முன்னால் உள்ளது 'அலவ்செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ' மூலம் மற்றதற்கு அனுமதி தரலாம். மற்றது பிறருடையதாயின், 'ஃபிளாஷ்விண்டோஎக்ஸ்' கொண்டு, பயனர் நம் சாளரத்திற்கு வரும்வரை பொத்தானை மினுக்கச் செய்யலாம். நான் இரண்டாவதற்கு மாறினேன். கணக்கர் கைவேலை முடித்துத் தாமே சொடுக்குகிறார்.

நண்பர்களே, பூட்டைக் கண்டதும் உடைக்கும் வழியைத் தேடுகிறோம். அது யாருடைய கைவேலையைக் காக்கிறது என்பதை முதலில் கேட்போம்.