எண்குணத்தானும் எழும் ஐயங்களும்

திருக்குறளின் முதல் அதிகாரத்தை நடத்தாத தமிழாசிரியர் இலர். அதன் 9ஆம் குறளில் வள்ளுவர் இறைவனை ‘எண்குணத்தான்’ என்று குறிக்கின்றார். அவ்வெட்டும் எவை என்பதை அவர் விரித்துரைத்தாரல்லர். உரையாசிரியர் பரிமேலழகரே சைவாகமத்தைத் துணைக்கொண்டு அவற்றை எண்ணிக் காட்டினார். அவற்றுள் முற்றும் உணர்தல், முடிவிலாற்றல் உடைமை, பேரருள் உடைமை ஆகிய மூன்றும் சைவர்க்கு மட்டும் உரியன அல்ல. யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய ஒரு கடவுட் கொள்கையினர் யாவரும் இவற்றை உடன்படுவர்.

தனித்தனியே நோக்கின் இவை எளியன. ஒருங்கே வைத்து நோக்கின் சிக்கல் பிறக்கின்றது. அச்சிக்கலை எழுப்புவோர் தத்துவ அறிஞர் மட்டும் அல்லர். வகுப்பறையில் பத்து வயதுச் சிறுவனும் எழுப்புவான். அவனுக்கு விடை கூறும் கடப்பாடு நம்முடையது. ஆதலின் மூன்று ஐயங்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஆற்றலைப் பற்றியது. தம்மால் தூக்கவியலாத ஒரு கல்லை இறைவனால் படைக்க இயலுமா? இயலும் எனின், அவரால் தூக்க இயலாத பொருள் ஒன்று உண்டாகும். இயலாது எனின், அவரால் படைக்க இயலாத பொருள் ஒன்று உண்டாகும். எவ்வாறு கூறினும் ஆற்றல் குறைவது போலத் தோன்றும்.

இதற்கு 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் கூறிய கருத்து விடையாகும். எல்லாம் வல்லவர் என்றால் நிகழக்கூடியன யாவற்றையும் செய்ய வல்லவர் என்பதே பொருள். தன்னோடு தானே முரண்படும் ஒன்று நிகழக்கூடிய பொருளே அன்று. ‘வட்டமான சதுரம்’ என்பது சொற்களின் கோவை. அதற்கு ஒத்த பொருள் ஒன்று இல்லை. எல்லாம் வல்லவரால் தூக்கவியலாத கல்லும் அத்தகையதே. அவருக்கு முன்னரே, 1111இல் மறைந்த இசுலாமிய அறிஞர் கஸ்ஸாலியும், ஒன்றை ஒரே வேளையில் உண்டென்றும் இல்லையென்றும் ஆக்குதல் ஆற்றலின் எல்லைக்குள் வாராது என்றார்.

பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தோ 1630இல் எழுதிய மடல்களில், கணித உண்மைகளும் இறைவன் விருப்பால் அமைந்தவையே என்றார். அவர் நெறியில் சென்றாலும் கல்லைப் பற்றிய ஐயம் நில்லாது. முரணானதையும் செய்ய வல்லவர், தூக்கவியலாத கல்லைப் படைத்து அதனைத் தூக்கவும் செய்வாரன்றோ? இதனை 1964இல் ஹாரி பிராங்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது, அறிவைப் பற்றியது. இதுவே வாழ்க்கையைத் தொடுவது. நாளை ஒரு மாணவன் பள்ளிக்கு வாரான் என்பதை இறைவன் இன்றே அறிவார். அவர் அறிவு பொய்யாது. ஆகவே அவன் வர இயலாது. வர இயலாதவனைக் கடிந்துகொள்வது எங்ஙனம் முறையாகும்?

இவ்வாதத்தில் ஒரு மயக்கம் உளது. ‘இறைவன் அறிந்தது எதுவோ அதுவே நடக்கும்’ என்பது உறுதி. அதிலிருந்து ‘அது தவிர வேறொன்றும் நடக்க இயலாது’ என்பது பெறப்படாது. அவன் வரத் துணிந்திருப்பின், வருவான் என்பதையே இறைவன் அறிந்திருப்பார். ஒருவன் நடப்பதை நாம் காண்கிறோம். நம் பார்வை அவனை நடக்கச் செய்வதில்லை. இவ்வுவமையைக் கூறியவர் போயீத்தியசு. 524ஆம் ஆண்டளவில் கொலைத்தண்டனை பெற்ற அவர், சிறையிலிருந்தே இதனை எழுதினார். இறைவனுக்கு முன் பின் என்னும் காலப்பகுப்பு இல்லை. முக்காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம் என்பது அவர் துணிபு.

இங்கும் மறுப்பு எழும். காலத்தைக் கடந்தவர், இன்று செய்யும் வழிபாட்டுக்கு நாளை அருள்வது எங்ஙனம்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றொன்று இறுகுகின்றது.

மூன்றாவது, அருளைப் பற்றியது. ஆற்றலும் அருளும் ஒருங்கே உடையவர் உலகில் துன்பத்தை ஏன் விட்டுவைத்தார்? 1955இல் மாக்கி என்னும் அறிஞர் இவை ஒன்றோடொன்று பொருந்தா என வாதிட்டார். பிளாண்டிங்கா 1974இல் விடை எழுதினார்: உரிமையுடன் செயற்படும் உயிர்களைப் படைத்துவிட்டு, அவை நன்மையே செய்யுமாறு கட்டாயப்படுத்துதல் முரணாகும், முரணானது ஆற்றலுக்கு உட்படாது. முதல் ஐயத்தின் விடை இங்குத் துணைநிற்பது காண்க. எனினும் நோயுற்று வருந்தும் குழந்தைக்கு இவ்விடை எளிதில் பொருந்துவதன்று.

சைவசித்தாந்தம் வேறு வழி கண்டது. உயிரும் ஆணவ மலமும் தொடக்கமில்லாதவை. இறைவன் படைத்தவை அல்ல. அம்மலம் நீங்கும் பொருட்டே அவன் உடலையும் உலகையும் தருகின்றான். இக்கொள்கையால் அருளுக்கு இழுக்கில்லை. ஆயின், முடிவிலாற்றல் உடையவன் மலத்தை ஒரு நொடியில் போக்காதது ஏன் என்னும் வினா எழும். உயிர் பக்குவம் எய்தவேண்டும் என்பர் சித்தாந்திகள்.

இவ்வாராய்ச்சியால் நமக்கு என்ன பயன் எனலாம். ‘எல்லாம் அவன் எழுதிவைத்தபடி’ என்று கூறி, நன்கு படிக்கும் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திய பெற்றோரைத் தோட்டப்புறத்தில் நான் பலமுறை கண்டதுண்டு. இறைவன் அறிவான் என்பது வேறு. இறைவன் தடுத்தான் என்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பொறுமையோடு எடுத்துரைத்தால், அப்பெற்றோரின் பக்தி குன்றாது. பிள்ளையின் படிப்பும் கெடாது.

கடவுளைப் பற்றி வினவும் மாணவனை ‘வாயை மூடு’ என அடக்குதல் தகாது. போயீத்தியசும் கஸ்ஸாலியும் அக்குவினாசும் இறைநம்பிக்கை மிக்கவர்களே. ஐயங்களை அஞ்சாது எதிர்கொண்டவர்களும் அவர்களே. ‘எண்குணத்தான்’ என்னும் சொல்லுக்கு எட்டுக் குணங்களையும் மனப்பாடம் செய்விப்பதோடு அமையாது, அவற்றுள் ஒன்றைப் பற்றியேனும் ஒரு வினாவை எழுப்ப மாணவர்க்கு இடந்தருவோமாக.