ஹவுலண்டு குடிவழி: ஏடும் கல்லும்

1620-இல் மேபிளவர் கப்பலில் சென்று, அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறியவருள் ஜான் ஹவுலண்டு ஒருவர். இவர்தம் வழியினர், இவர் மனைவி எலிசபெத்து முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என நெடுங்காலம் நம்பினர். நினைவுக்கல்லிலும் அவ்வாறே பொறித்தனர். இச்செய்தி பொருந்துமா என ஆராய்வோம்.

அக்குடியேற்றத்தின் வரலாற்றை உடனிருந்து எழுதியவர் வில்லியம் பிராட்போர்டு. காணாமற்போன அவர்தம் கையெழுத்தேடு 1855-இல் இலண்டன் புல்ஹாம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்து, 1856-இல் அச்சேறியது. அது எலிசபெத்தை, அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள் என்கின்றது. இங்கிலாந்தின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் அவரது திருமுழுக்கு 1607-ஆம் ஆண்டினதாகக் காணப்படுகின்றது.

டில்லி இணையர் கரையேறிய சின்னாளில் இறந்தனர். ஹவுலண்டோ கார்வரின் பணியாளராய் வந்தவர். இவ்விரண்டுமே பிற்காலத்தாரை மயங்கச் செய்தன எனக் கருதலாம். கல்லிற் பொறித்ததாயினும் காலத்தாற் பிந்திய சான்று, உடனிருந்தார் எழுதிய ஏட்டின்முன் நில்லாது என்பதே நாம் கொள்ளும் முடிபு.