முதலை இல்லாத ஆறு

படகுப் பயணத்துக்கு ஆறு தேடும் பலர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது: ‘அங்கே முதலை இருக்குமா?’ கூச்சமே வேண்டாம். முதலில் கேட்க வேண்டியதே அதுதான். மூட்டை முடிச்சோடு கிளம்பும் கேனூ படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் நீர்யானை முட்டினாலும், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உவர்நீர் முதலை நெருங்கினாலும் அந்த ஒரு சாண் காப்பாற்றாது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கும் நான் சொல்வது, நியூசிலாந்து வடக்குத் தீவின் வாங்கனுயி ஆறு. அந்நாடு பெருங்கண்டத்திலிருந்து சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து கடலுக்குள் தனித்துப்போன நிலம். அங்கே பாம்பு இல்லை, முதலை இல்லை, கரடி இல்லை. தரைவாழ் பாலூட்டிகளில் அந்த மண்ணுக்கே உரியவை வௌவால்கள் மட்டும். இரவில் கூடாரத்தருகே ஏதாவது சலசலத்தால், பெரும்பாலும் உங்கள் ரொட்டியைத் தேடி வந்த ‘பாஸம்’ (possum) என்னும் விலங்காக இருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு நாடெங்கும் பெருகிவிட்ட பிராணி அது.

தௌமாருனுயியிலிருந்து பிப்பிரிக்கி வரை 145 கிலோமீட்டர். ஐந்து நாள் துடுப்பு. அவ்வளவு நேரமில்லாதவர்கள் வழியிலுள்ள வாக்காஹோரோவில் படகை ஆற்றில் இறக்கி மூன்று நாளில் முடிக்கலாம். வழியில் ஆளில்லாக் காட்டுக்குள் ஒரு கான்கிரீட் பாலம் நிற்கிறது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்தார்கள். அவர்களுக்காக 1936இல் பாலம் கட்டி முடிப்பதற்குள் பலர் பிழைக்க வழியின்றி வெளியேறிவிட்டார்கள். மாவோரி மக்கள் மூதாதையாகப் போற்றும் இந்த ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாகவே 2017இல் நாடாளுமன்றம் ஏற்றது.

விலங்கு பயமில்லை என்றதும் சிலர் தண்ணீரையும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. மலையில் மழை கொட்டினால், நீங்கள் தூங்கும் நேரத்தில் ஆறு மளமளவென ஏறிவிடும். அதனால் மாலையில் கரை சேர்ந்ததும் கேனூவைத் தண்ணீரோரம் விடாமல் மேட்டுக்கு இழுத்துப்போய், நல்ல மரமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். மாற்றுடையும் சாப்பாடும் திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய்களில் இருக்கட்டும். பீப்பாய்களைப் படகோடு சேர்த்துக் கட்டுங்கள். கவிழ்ந்தால் நடுங்கவைக்கும் குளிரில் உயிரைக் காப்பது அந்த உலர்ந்த கம்பளிச் சட்டைதான். உயிர்காப்பு உடுப்பைக் கரையேறும்வரை கழற்றக்கூடாது.

கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, போவது உத்தமம். தங்கும் குடில்களுக்கு முன்பதிவு அவசியம். கிளம்பும் காலையில் படகு வாடகைக்குத் தருபவரிடம் ஆற்றின் மட்டத்தைக் கேளுங்கள். ‘இன்று வேண்டாம்’ என்றால் ஊரிலேயே ஒருநாள் தங்கிவிடுங்கள்.