பப்பாளி மாவுப்பூச்சியும் அதன் சத்துருவும்

2008-ம் வருஷத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பப்பாளி மரங்களில் புதியதொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவுமே அதன் பூர்விகம். அது சீக்கிரமே மரவள்ளி, மல்பெரி, பருத்தி முதலியவற்றிலும் பரவிப் பெருநஷ்டம் விளைவித்தது. உடலை மூடிய மெழுகுப்பொடியால் மருந்து அதன்மேல் நன்கு படுவதில்லை. மல்பெரிக்கு விஷந் தெளித்தாலோ, அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழுவும் மடியும்.

ஆகவே, 2010-ம் வருஷம் ஜூலையில், அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியால், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகைச் சிறு குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. அவற்றால் வேறு தீங்கு நேராதென்று அங்கே சோதித்தறிந்த பின்னரே வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் ‘அஸிரோபேகஸ்’ என்னும் குளவி மிகுந்த பலன் தந்தது. அது மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் பூச்சி பெரிதும் அடங்கிற்று.

மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பேறி இறுகிக் கிடக்கக் கண்டால், உள்ளே குளவி வளர்கிறதென்று அறிக. அத்தகைய இலைகளைக் கொளுத்தலாகாது, விஷமும் தெளிக்கலாகாது. ஒருவர் தெளிக்கும் விஷம் அடுத்த நிலத்தாரின் குளவியையும் கொல்லும். கடல் கடந்து வந்த இவ்வுதவி ஊர் முழுவதற்கும் பொது என்பதைக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.